பயில்வான் மேல் குதித்தவன்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்பு வரை போனேன், கணக்கில் தேறவில்லை, அதோடு பிரஷ்ஷைப் பிடித்துவிட்டேன். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துவிட்டேன். அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுதி மற்றவர்களைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் மூடி வைத்தாலும் தப்பாக நினைக்கமாட்டேன்.

எழுத ஒரு காரணம் இருக்கிறது. பயில்வான் அண்ணனைப் பற்றி காஞ்சிபுரத்தில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. முகமூடி போட்ட எவனோ ஒருத்தன் அவர் கழுத்தை உடைத்துவிட்டு ஓடிப்போய்விட்டான் என்று. அவன் வேலூர்க்காரன் என்கிறார்கள் சிலர், ஆந்திராவிலிருந்து கூட்டிவந்த ஆள் என்கிறார்கள் சிலர். நான் வேலை செய்கிற வீடுகளிலேயே, என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அந்த முகமூடிக்காரன் நான்தான். ஓடிப்போகவில்லை. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில்தான் என் வீடு.

அண்ணன் அதற்குப் பிறகு பதினோரு மாதம் உயிரோடு இருந்தார். அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. அதற்கு முந்தியதை எழுதுகிறேன்.

அவர் குஸ்தி கற்றுக்கொண்டது மண்ணில். ஊருக்கு வெளியே உஸ்தாத் ஒருவர் நடத்திய கொட்டகையில் பதினாலு வயதில் சேர்ந்தார். இருபத்திரண்டு வயதுக்குள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரோடு கை கோக்க ஆள் இல்லை. அப்புறம் மண் குஸ்தியை விட்டு மேடைக் குஸ்திக்குப் போனார். பம்பாய்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பதினெட்டு வருஷம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றினார். நாற்பது நாள் துபாயில் ஆடினார். அந்த நாற்பது நாளைப் பற்றி மட்டும் நானூறு கதை சொல்லுவார். கம்பெனி மூடிவிட்டதும், நாற்பது வயதில், ஒரு பெரிய பெல்டோடும் மடக்க முடியாத ஒரு முட்டியோடும் ஊர் வந்து சேர்ந்தார். தெரிந்தவர்கள் ஒரு ஏடிஎம் வாசலில் காவல் வேலை பார்த்து வைத்தார்கள். அவர் போகவில்லை.

"இனிமே நான் ஆடறவன் இல்லபா. ஆட்டம் நடத்தறவன்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நான் அவர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போனேன். எனக்கு இருபத்தாறு வயது. முன்சுவரில் ஏணி போட்டு நின்றிருந்தேன். ஏணியின் ஒரு கால் வழுக்கி, டப்பாவோடு கீழே வந்தேன். உருண்டு எழுந்து, சிந்தினதை அள்ள ஆரம்பித்தேன். வாசலில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தவர் அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"டேய், இன்னொரு வாட்டி வுழு" என்றார்.

"அண்ணே?"

"வுழுடா. தலைய எப்படி உள்ள இழுத்துக்கின? யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லண்ணே. வுழுந்து வுழுந்து பழக்கம்."

அவர் உள்ளே பார்த்து, "இங்க வந்து பாரு, நம்ம தெருவுலயே ஒருத்தன் வுழத் தெரிஞ்சவன் இருக்கான்!" என்று கத்தினார். அண்ணி கையில் கரண்டியோடு வந்து என்னையும் தரையையும் பார்த்தார்.

"செவுத்துக்குப் பூச வேண்டியத தரைக்குப் பூசிட்டு நிக்குது. இதுக்குப் பேரு வுழத் தெரியறதா?" என்றார்.

மறுவாரமே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மேடைக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்வோம். இதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் சட்டம். இப்போது சொல்லிவிட்டேன், கூட ஆடினவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் பேசி வைத்துக்கொள்வதால் வலி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழே இருக்கிற பலகை பலகைதான். அடிக்கிறவனை 'கொடுக்கிறவன்' என்போம். அடிபடுகிறவனை 'வாங்குகிறவன்' என்போம். கொடுக்க யாராலும் முடியும். ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவது வாங்குகிறவன்தான் என்று அண்ணன் சொல்லுவார்.

ஒன்றை மட்டும் விளக்கிச் சொல்கிறேன், பின்னால் புரிவதற்காக. ஒருத்தன் கீழே மல்லாந்து கிடக்கிறான். இன்னொருத்தன் மூலைக் கம்பத்தில் ஏறி அவன் மேல் குதிக்கிறான். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் விழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் குதிக்கிறவன் தன் பாரம் முழுவதையும் முட்டியிலும் உள்ளங்கையிலும் வாங்கிக்கொள்வான். கீழே கிடக்கிறவன் மேல் ஒரு தலையணை விழுந்த கனம்கூட இருக்காது. அப்படியே விட்டால் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் கிடக்கிறவன் சரியாக அந்த நொடியில் தலையையும் தோளையும் தூக்கி, எதிரே போய் வாங்கி, தலையைப் பின்னால் பலகையில் போட வேண்டும். 'தட்' என்று சத்தம் வரும். கூட்டம் 'அய்யோ' என்னும். இதை அண்ணன் எனக்கு ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தார். தூக்கத்தில் தட்டினாலும் தலை தானாக எழும்புகிற அளவுக்குப் பழக வேண்டும் என்பார். அவருக்கு அப்படித்தான் பழகியிருந்தது.

முதல் ஆட்டத்தன்று நான் படியில் கால் வைத்ததோடு சரி. கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி வேன் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் திட்டவில்லை. அண்ணி ரவிக்கைக்கு வைத்திருந்த கறுப்பு லைனிங் துணியில் ஒரு முகமூடி தைத்துக் கொடுத்தார். கண் இருக்கிற ஓட்டையைச் சுற்றிப் பழைய ஜரிகையில் விளிம்பு கட்டியிருந்தார். அதற்குள் முகத்தை விட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். கையைத் தட்டி வாடா என்றேன். நானா அது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இருபது வருஷம் நான் முகமூடிதான். கெட்டவன். எல்லா ஆட்டத்திலும் கடைசியில் தோற்க வேண்டியவன்.

ஜனங்கள் என்னைத் திட்டின திட்டு கொஞ்சமில்லை. "மூஞ்சியக் காட்டுடா கஸ்மாலம்!" "உங்க வூட்ல சோறு போடலயாடா, இப்படி வுழுற?" பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றினார். மறுநாள் அவர் வீட்டிலேயே கிரில் கதவுக்குப் பெயிண்ட் அடித்தேன். டீ கொடுத்துக்கொண்டே, "நேத்து ஒரு மூதேவி வந்தான்பா முகமூடி போட்டுக்கினு, நம்ம பயில்வான் கொடுத்தாரு பாரு ஒன்னு!" என்றார். ஆமாம்மா என்று சொல்லி டீயைக் குடித்தேன். முதுகில் சுளுக்கு இருந்தது. அந்த நாட்களில் எனக்கு இது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணன் சில வருஷம் நன்றாகவே நடத்தினார். பலகை, கம்பம், கயிறு எல்லாம் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு திருவிழா நடக்கிற ஊருக்கெல்லாம் போவோம். ஆட்டோவில் மைக் கட்டி அவரே பேசுவார். காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவது, ஊர்த் தலைவரைப் பார்ப்பது, ஆட்களைச் சேர்ப்பது எல்லாம் அவர்தான். முட்டி கொஞ்சம் ஒத்துழைத்த நாட்களில் கடைசி ஆட்டத்துக்கு அவரே இறங்குவார், என்னைத் தூக்கிப் போடுவார். ஐம்பது வயதுக்குப் பிறகு அதை நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் கூட்டம் குறைந்தது. எல்லார் கையிலும் போன் வந்தது. வெளிநாட்டுக்காரன் நெருப்புக்கு நடுவில் ஆடுகிறதை உட்கார்ந்த இடத்தில் பார்த்தவர்களுக்கு எங்கள் தார்ப்பாய் மேடை எப்படிப் பிடிக்கும்? பையன்கள் முன்வரிசையில் நின்று, "ப்ரோ, எல்லாம் செட்டப்பு ப்ரோ" என்று கத்துவார்கள். அண்ணனுக்கு முகம் வாடிவிடும். அவர் பதினெட்டு வருஷம் வடக்கே ஆடியது, மண்ணில் ஜெயித்தது, எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். கூட ஆடினவர்களில் ஒருத்தர் மீன் வண்டி போட்டார், ஒருத்தர் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டப் போனார். வருஷத்துக்கு இரண்டு ஆட்டம், ஒரு ஆட்டம் என்று ஆகி, நடுவில் இரண்டு வருஷம் எதுவுமே இல்லை. தார்ப்பாயை எலி கடித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் பிடித்தால் நழுவும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நடக்கும்போது செருப்பு கழன்று போவதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்துச் சொல்வேன். அண்ணியிடம் வேறு வேலை என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயதுக்காரர். கழுத்து எலும்பு தேய்ந்து நடுவில் போகிற நரம்பை நெருக்குகிறது என்றார். பேனா மூடியைக் கையில் வைத்து அழுத்திக் காட்டினார்.

"கீழ விழக் கூடாது. தலைக்கு ஒரு குலுக்கல் கூடாது. பைக்ல பள்ளத்துல இறங்கினாக்கூட ஆபத்து. ஒரு தடவை அடிபட்டா கை காலு ரெண்டும் போயிடும். ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லது. என்ன தொழில் பண்றீங்க?"

"நிகழ்ச்சி நடத்தறேன் சார்" என்றார் அண்ணன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு தோசை சாப்பிட்டோம். அவர் தோசையைப் பிய்க்கச் சிரமப்பட்டார். நான் பிய்த்து வைத்தேன்.

"ஆபரேஷனுக்கு என்னிக்குப் போலாம்ண்ணே?"

"பாக்கலாம்."

"அண்ணி கிட்ட..."

"நரம்புச் சுளுக்குன்னு சொல்லு. இத அவ காதுல போட்டா, என்ன வூட்ட வுட்டு வெளிய வுட மாட்டா. அவ போட்ட பூட்ட தெறக்க நம்ம உஸ்தாதே வந்தாலும் முடியாது. வெளிய போவலன்னா அப்புறம் நான் எதுக்குடா?"

நான் சரி என்றேன். யாரையும் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார். சுளுக்கு என்று சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பொய்யை அடிக்கடி சொன்னேன்.

கூரம் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரிலிருந்து திருவிழாக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தது அதற்குப் பிறகுதான். அவர்கள் ஊரில் போன வருஷம் பாட்டுக் கச்சேரியில் அடிதடி நடந்து, இனிமேல் கச்சேரியே கூடாது என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்குப் பதில் குஸ்தி வைக்கலாமா என்று கேட்டார்கள். நன்றாக நடந்தால் சுற்றி இருக்கிற ஊர்களிலும் சொல்லுகிறோம் என்றார்கள். அண்ணன் அன்றைக்கு இரண்டு முறை குளித்தார். பெட்டியிலிருந்த பெல்டை எடுத்துத் துடைத்தார். நான் வீட்டில் மிச்சமிருந்த வார்னிஷ் எடுத்துப் போய் கம்பங்களுக்கு அடித்தேன். அவருக்கு இது இன்னொரு ஆரம்பம் மாதிரி. எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் சொல்லவில்லை.

பெரிய ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு வாலிபனைப் பேசி வைத்தார். ஜிம்மில் உடம்பு ஏற்றினவன். அவனை யாருக்கும் தெரியாது என்பதால் பிளெக்ஸில் அண்ணன் தன் படத்தைப் போட்டார். முப்பத்தைந்து வயதில் எடுத்த படம். கழுத்து தலையைவிட அகலமாக இருக்கும், பெல்டைத் தோளில் போட்டிருப்பார். 'பயில்வான் வழங்கும்' என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. எழுத்தை யார் படிக்கிறார்கள்? தலையாரி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் பயில்வான் ஆடுகிறார் என்றுதான் நினைத்தார்கள்.

ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அனுமதியில் எழுதியிருந்ததால் நாலு மணிக்கே தொடங்கினோம். வெயில் இருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. அப்படி ஒரு கூட்டம் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பொம்பளைகள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மதில் மேலெல்லாம் ஆள். இரண்டு சின்ன ஆட்டம் முடிந்தது. சென்னை வாலிபன் வரவில்லை. அண்ணன் போன் போட்டபடியே இருந்தார். ஐந்து மணிக்கு அவன் எடுத்து, வேறு ஒரு இடத்தில் ஷூட்டிங் வந்துவிட்டது, சாரி அங்கிள், என்றான்.

கமிட்டிக்காரர் வேன் பின்னால் வந்தார்.

"இன்னாங்க, பயில்வான் எப்ப எறங்கறீங்க?"

"நான் எறங்கறது இல்லபா. நான் நடத்தறவன். ஆளு வரல, மீதி இருக்கிறவங்கள வெச்சு..."

"பிளெக்ஸ்ல இருக்கிறது யாரு?"

"அது பழைய படம்பா."

"பழசோ புதுசோ, மூஞ்சி உங்களுதுதான? அங்க பாருங்க கூட்டத்த. நீங்க வரலன்னா கம்பத்தப் புடுங்கிருவானுங்க. எங்களையும் சேத்துப் புடுங்குவானுங்க."

மைதானத்தில் 'பயில்வான், பயில்வான்' என்று கை தட்ட ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கமிட்டிக்காரர் மிரட்டியதற்காக அவர் இறங்கவில்லை. அந்தச் சத்தத்துக்காக இறங்கினார்.

"அண்ணே வேணாம்" என்றேன்.

"நீதான எதிர்ல? வேற யாராவது இருந்தா யோசிப்பேன். ஒரு கைப்பிடி, ரெண்டு சுத்து, நீ வுழு. நான் கால வெச்சு நிக்கறேன், முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்."

"டாக்டரு இன்னா சொன்னாரு..."

"டாக்டரு என்ன வுழக் கூடாதுன்னாரு. நீதான்டா வுழப் போற."

"அண்ணிக்கு ஒரு போன் போடறேன்."

"போடு. போட்டுட்டு அப்படியே வூட்டுக்குப் போ. இனிமே என்ன அண்ணேன்னு கூப்புடாத."

நான் போன் போடவில்லை. அவருக்குப் பூட்ஸ் நாடா கட்டிவிட்டேன், அவர் விரலால் கட்ட முடியாது என்பதால். பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டேன்.

அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்ததும் மைதானம் அதிர்ந்தது. கையைத் தூக்கினார். ஒரு கை தோளுக்கு மேலே போகவில்லை, அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் கை கோத்தோம். அவர் பிடியில் பலமே இல்லை. எல்லாவற்றையும் நானே செய்தேன். அவர் தொட்டால் நான் பறந்தேன். அவர் திருப்பினால் நான் சுற்றி விழுந்தேன். இருபது வருஷத்தில் அன்றைக்கு மாதிரி நான் விழுந்ததே இல்லை. இன்னும் ஒன்று, அவ்வளவுதான், என்று அவர் காதில் சொன்னேன். தலையாட்டினார். என்னைக் கயிற்றின் பக்கம் தள்ளினார். நான் போய்த் திரும்பி வருவதற்குள் அவருடைய இரண்டு காலும் மடங்கிவிட்டன.

யாரும் தொடவில்லை. நடு மேடையில் அப்படியே உட்கார்ந்து, பின்னால் சாய்ந்துவிட்டார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னாங்கடா, தானா உக்காந்துட்டாரு!"

"தாத்தாவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா!"

சிரிப்பு பரவியது. நான் அவர் பக்கத்தில் குனிந்து, தலைமுடியைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தேன். எங்களில் அப்படித்தான் பேசிக்கொள்வது.

"அண்ணே, இன்னா ஆச்சு?"

"காலு வரல."

"நிறுத்திடறேன். ஆள கூப்புடறேன்."

"டேய். சிரிக்கறானுங்கடா." அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏறு. மூலைல ஏறிக் குதி. நீ வுழுத்தினாப்ல இருக்கட்டும். நான் தானா வுழுந்தேன்னு இருக்கக் கூடாது."

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவர் மேல் ஒரு கனமும் விழாமல் என்னால் குதிக்க முடியும். அது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. முட்டி இங்கே, கை அங்கே, நடுவில் அவர் உடம்பில் ஒரு தூசுகூட விழாது. அவர் சும்மா கிடந்தால் போதும். சிரிப்பு நின்றுவிடும், நான் இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். 'அசையாம கெடங்கண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தொழிலில் யாரும் யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. வாங்குகிறவனைப் பார்த்து வாங்காதே என்று யாராவது சொல்வார்களா?

கம்பத்தில் ஏறினேன். கூட்டம் என்னைத் திட்டியது. குதித்தேன். முட்டியும் கையும் நான் நினைத்த இடத்திலேயே பலகையில் பட்டன. அவர் மேல் நான் படவே இல்லை.

ஆனால் அவர் வாங்கினார். நான் காற்றில் இருக்கும்போதே அவர் தலையும் தோளும் எழும்பி வந்ததைப் பார்த்தேன். காலம் பூராவும் செய்த மாதிரியே, சரியான நொடியில், எதிரே வந்து வாங்கி, தலையைப் பின்னால் பலகையில் போட்டார். 'தட்' என்று கேட்டது. கூட்டம் 'அய்யோ' என்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். பிறகு, "டேய், என் கை எங்கடா இருக்குது?" என்றார்.

நடுவராக நின்ற எங்கள் மைக் ஆட்டோக்காரருக்கு ஒன்றும் தெரியாது. நான் அவர் மேல் கவிழ்ந்திருந்ததால் வழக்கப்படி பலகையில் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டார். என் கையைப் பிடித்துத் தூக்கினார். இருபது வருஷத்தில் நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான்.

செருப்பு வந்து விழுந்தது. தண்ணீர் பாட்டில், மண், கல் எல்லாம் வந்தது. "கொன்னுட்டான்டா பாவி, அவன வுடாதீங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். நான் முகமூடியைக் கழற்றி, இவர் எங்க அண்ணன், இது பேசி வைத்த ஆட்டம், என்று சொல்லக் கையை எடுத்தேன். "கழட்டாத. சொல்லாத" என்றார் அண்ணன். அதனால் முகமூடியோடே ஆட்டோக்காரரும் நானும் அவரைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். என் காதில் ஒரு கல் பட்டது. குட்டியானையில் ஏற்றிப் படுதாவை இழுத்துவிட்ட பிறகுதான் கழற்றினேன்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அண்ணி ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அவசரத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அழவில்லை. டாக்டர் அண்ணனின் கால் விரலை ஊசியால் குத்திக்கொண்டே வந்தார், முட்டி, தொடை, வயிறு, நெஞ்சு. தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். இல்ல சார், இல்ல சார் என்றார் அண்ணன். தோளுக்கு மேலே வந்ததும்தான் தெரியுது என்றார். டாக்டர் திரும்பி, அண்ணியிடம் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இவருக்குக் கழுத்துல ஏதாவது பிரச்சினை இருந்ததாம்மா?"

"ஒன்னும் இல்ல சார். நரம்புச் சுளுக்குதான்."

நான் சுவரோரம் நின்றிருந்தேன். டாக்டர் எழுதப் போனார். எழுதிவிட்டால் என் பொய் அதோடு மறைந்துவிடும். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "இல்ல சார். போன வருஷம் படம் எடுத்துப் பாத்தது. நடு நரம்பு நெருங்கிக்கினு இருக்குதுன்னு சொன்னாங்க. ஒரு அடி பட்டாலும் கை காலு போயிடும்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டு போனார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"என் கிட்ட சுளுக்குன்னு சொன்ன."

"அண்ணன்தான் சொல்ல வேணாம்னு..."

"அவரு சொல்லுவாரு. அவரு புத்தி எனக்குத் தெரியும். நான் உன்னக் கேக்கறேன். கம்பத்து மேல நீதான ஏறின?"

"ஆமா அண்ணி."

"ஏறும்போது தெரியும்?"

என் கையும் காலும் அவர் மேல் படவில்லை என்று சொல்ல வந்தேன். அவரே ஏறச் சொன்னார், கூட்டம் சிரித்தது, அவரால் அதைத் தாங்க முடியவில்லை என்று சொல்ல வந்தேன். எல்லாம் உண்மை. ஆனால் அண்ணி கேட்டது அதில்லை.

"தெரியும்" என்றேன்.

கட்டிலிலிருந்து அண்ணன், "அவன ஒன்னும் சொல்லாத. அவன் ஒழுங்காதான் வுழுந்தான். என் மேல படவே இல்ல" என்றார்.

"நீங்க வாய மூடுங்க" என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "வெளிய போப்பா" என்றார். குரலை உயர்த்தவில்லை. போப்பா என்றுதான் சொன்னார், போடா என்றுகூடச் சொல்லவில்லை.

நான் வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அண்ணனைச் சென்னைக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸில் கூட ஒருத்தர்தான் போகலாம் என்றார்கள். அண்ணி ஏறிக்கொண்டார். நான் ஆட்டோக்காரரோடு அந்த ஊருக்குப் போய், மேடையைக் கழற்றி, பலகைகளைக் குட்டியானையில் ஏற்றினேன்.